‘பிரதேசத்தின் தேவைக்குப் பொருத்தமற்றது’ என முடிவெழுதிய குழுவினருக்கு

ஆராய்ச்சி நிதியைப் பங்கிடும் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

கிளிநொச்சியில் சிறிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடம் ஒன்றும், பூநகரியில் நெல்லுக்கான வலைக்கூடம் ஒன்றும் அமைக்க நான் கொடுத்த திட்டத்தை நீங்கள் நிராகரித்துவிட்டீர்கள். உங்கள் கடிதம் ஒரு பக்கம்தான். அதில் காரணம் என்று இருப்பவை இரண்டே வசனங்கள். மரபணுத் திருத்தம் போன்ற ஆய்வு இந்தப் பிரதேசத்தின் தேவைக்குப் பொருத்தமற்றது, வாழ்வாதாரப் பயிற்சிகளுக்கே முன்னுரிமை என்பது ஒன்று. ஆய்வு செய்யத்தான் வேண்டுமென்றால் மாகாணத்துக்கு வெளியே வசதியுள்ள இடமொன்றில் செய்துகொள்ளலாம் என்பது மற்றது. கடைசியில், எங்களிடம் இரவலாக இருக்கும், டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரத்தையும் ஆழ்குளிரூட்டியையும் திருப்பி ஒப்படைக்கும்படி ஒரு வரி.

காசு இல்லை என்று எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். 2022இல் நாடு எங்கே போய் நின்றது என்பது எனக்கும் தெரியும். நீங்கள் அப்படி எழுதவில்லை. வன்னிக்கு எது தேவை, எது தேவையில்லை என்று எங்களைக் கேளாமலே தீர்மானித்து எழுதியிருக்கிறீர்கள். தனிப்பட அனுப்பிய விளக்கங்களுக்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை. ஆகவே எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

தேவையிலிருந்தே தொடங்கலாம். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்ததிலிருந்து பூநகரி பலருக்கு யாழ்ப்பாணம் போகிற வழியில் வரும் ஓர் ஊர். வாகனத்தை நிறுத்தி இறங்கி வயலுக்குள் நடப்பவர்கள் குறைவு. மாசி கழிந்து வெயில் ஏறியபிறகு செட்டியகுறிச்சி, ஞானிமடம் பக்கம் வந்து பாருங்கள். கடல்நீரேரிப் பக்கமாக இருக்கிற வயல்களில் வரம்போரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தால் உப்பு. மானாவாரி வயல்கள் அவை. மழை காலத்துக்கு வந்தால் உவர் கழுவப்பட்டுப் போகும். மழை பிந்தினாலோ இடையில் விட்டாலோ கீழிருந்து ஏறும். நாற்றுப் பருவத்தில் ஏறினால் இலைநுனி மஞ்சளாகி, சுருண்டு, கருகும். கதிர் வெளிவரும் நேரத்தில் ஏறினால் பயிர் பார்வைக்கு நன்றாகவே நிற்கும். அறுக்கும்போதுதான் கதிர் முழுக்கப் பதர் என்று தெரியும். கமக்காரருக்குக் கடன் அப்படியே இருக்கும்.

இந்த மண்ணில் மொட்டைக்கறுப்பன் என்ற நெல் விளைந்தது, இன்றும் விளைகிறது. பூநகரி மொட்டைக்கறுப்பன் என்றால் யாழ்ப்பாணச் சந்தையில் கேட்டு வாங்குவார்கள். ஆனால் இன்று அந்தப் பெயரில் விதைக்கப்படுவது எல்லாம் ஒரே நெல்லா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2008, 2009இல் போரால் சனம் இடம்பெயர்ந்து போனபோது விதைநெல்லும் வீட்டோடு போய்விட்டது. திரும்பி வந்தவர்கள் கிடைத்த இடத்தில் கிடைத்த விதையை வாங்கினார்கள். நிவாரணமாக வந்த விதையும் கலந்தது. அடுத்தடுத்த வயல்களில் ஒரே பெயரோடு நிற்கும் இரண்டு பயிரில் ஒன்று கருகி மற்றது தப்பி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தப்பிய பயிருக்குள் என்ன இருக்கிறது? எங்கள் திட்டத்தின் முதற்பாதி இந்தக் கேள்விதான். இதைவிடப் பிரதேசத்தின் தேவைக்குக் கிட்டிய கேள்வி எது என்று குழுவினர் சொல்ல வேண்டும்.

பரமன்கிராய்ப் பக்கம் இலை எடுக்கப் போனபோது, வரம்பில் குந்தியிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “பிள்ளை, முந்தியும் ஆக்கள் வந்து மண்ணும் இலையும் அள்ளிக்கொண்டு போனவை. அதுக்கு என்ன முடிவு வந்தது எண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. நீங்களாவது சொல்லுவியளோ?” சொல்லுவேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தேன். வவுனியா, முல்லைத்தீவுக் கிராமங்களிலும் இதே கதை. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்கென்று இரத்தமும் சிறுநீரும் கிணற்றுத் தண்ணீரும் கொடுத்தவர்களிடம் பேசியிருக்கிறேன். ஊசி குத்தின தழும்பு மாறிவிட்டது, முடிவு மட்டும் கைக்கு வரவில்லை என்றார்கள். வன்னி இதுவரை மாதிரி கொடுக்கிற இடமாகத்தான் இருந்திருக்கிறது. “வெளியே வசதியுள்ள இடத்தில் செய்யுங்கள்” என்று நீங்கள் எழுதும்போது, இனியும் அப்படியே இருக்கட்டும் என்றே எங்களுக்குக் கேட்கிறது.

உங்கள் கடிதத்தில் ‘சமூகப் பொருளாதாரப் பின்னணி’ என்றும் வருகிறது. நானும் அந்தப் பின்னணியில் இருந்து வந்தவள்தான். உயர்தரம் படித்தது பொருளாதாரத் தடைக்காலத்தில். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் பற்றரி வராது, யூரியா வராது, மண்ணெண்ணெய் அளவாகத்தான் வரும். ஆய்வுகூடத்துக்கான இரசாயனம் என்று கேட்டால் சிரிப்பார்கள். பாடசாலையில் இருந்த ஒரேயொரு நுணுக்குக்காட்டி வெயில் வெளிச்சத்தில் பார்க்கிற வகை. வரிசையில் எங்கள் முறை வரும்போது வெயில் சாய்ந்துவிடும், அடியில் உள்ள ஆடி இருண்டுவிடும். வெங்காயத் தோலின் கலத்தைப் படத்தில் பார்த்துத்தான் சோதனைக்குப் போனோம். 2002இல் ஏ9 வீதி திறந்தது. பல்கலைக்கழகம் போனேன், பிறகு புலமைப்பரிசிலில் ஜப்பான்.

அங்கே எனக்குக் கிடைத்த புரதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் திட்டத்தின் அடிப்படை அதுதான். உப்பிலுள்ள சோடியம் வேரால் புகுந்து, தண்ணீரை மேலே கொண்டுபோகும் காழ் என்ற குழாய் வழியே இலைக்கு ஏறும். அதை வழியிலேயே மறித்துக் காழிலிருந்து வெளியே இழுத்துவிடுகிற ஒரு கடத்துப் புரதம் நெல்லில் உண்டு. எச்.கே.ரி. 1;5 என்பார்கள். நோனா பொக்ரா என்ற உவர் தாங்கும் நெல்லிலிருந்து இதன் மரபணுவைப் பிரித்தறிந்து 2005இல் வெளியிட்டார்கள். உவர் தாங்காத கொஷிஹிகாரி நெல்லிலும் இதே புரதம் இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம், புரதத்தைக் கட்டும் துணுக்குகளான அமினோவமிலங்களில் நான்கே நான்கு. இந்தக் குடும்பப் புரதங்களின் துவாரத்தில் குறித்த ஓரிடத்தில் செரீன் இருந்தால் பெரும்பாலும் சோடியம் மட்டுமே போகும், அதே இடத்தில் கிளைசீன் இருந்தால் பொற்றாசியமும் போகும். ஓர் அமினோவமிலம் மாறினால் பயிரின் தலைவிதி மாறலாம் என்பதை நான் புத்தகத்தில் படித்து நம்பவில்லை. அப்படியான இடங்களை ஒவ்வொன்றாக மாற்றி, தவளையின் முட்டைக் கலத்தில் அந்தப் புரதத்தை உண்டாக்கி, எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று அளப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. நுண்ணிய மின்வாயைக் கலத்துக்குள் இறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். கை சற்று அசைந்தாலும் கலம் கிழிந்து உள்ளிருப்பது வழிந்துவிடும், அன்றைய அளவீடும் அதோடு போய்விடும்.

பூநகரி வயலை மனதில் வைத்துத்தான் அந்தப் புரதத்தைத் தெரிவு செய்தேன் என்று சொன்னால் அது கூட்டிச் சொல்வது. பேராசிரியர் தந்த தலைப்பு அது. ஆனால் உப்பு நீரில் வளர்த்த நாற்றுகளின் கருகிய நுனியை முதன்முதலில் அங்கே பார்த்தபோது, இதை எங்கே பார்த்தேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, மரபணுத் திருத்தம் வன்னிக்கு எட்டாத விடயம் என்ற உங்கள் எண்ணத்துக்கு வருகிறேன். மரபணுவைத் திருத்தப் பயன்படும் கிறிஸ்பர் தொழில்நுட்பத்தின் வரலாற்றைக் குழுவில் எவராவது படித்துப் பார்த்தீர்களா? 1987இல் ஜப்பானின் ஒசாகாவில் குடற் பற்றீரியா ஒன்றின் டி.என்.ஏ.யில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை வேறெதையோ தேடிக்கொண்டிருந்தபோது கண்டார்கள். என்னவென்று விளங்கவில்லை. பிறகு ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ மொகிகா என்பவர் தன் ஊருக்குப் பக்கத்திலிருந்த சாந்தா பொலா உப்பளத்தில் வாழும் நுண்ணுயிர் ஒன்றை ஆராய்ந்தபோது அதேபோன்ற தொடர்களைக் கண்டார். ஆம், உப்பளம். அலிகாந்தே என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு பெரிய நிதி எதுவுமில்லாமல் அதையே பிடித்துக்கொண்டு நின்றார். 2003இல், அந்தத் தொடர்களுக்கு இடையே இருப்பவை வைரசுகளின் துண்டுகள், இது பற்றீரியாவின் நோயெதிர்ப்பு என்று கண்டுபிடித்து எழுதினார். பெயர்பெற்ற சஞ்சிகைகள் திருப்பி அனுப்பின. கட்டுரை வெளிவந்தபோது 2005. அதன் மேல் வேறு பலர் கட்டிய வேலையில் இருந்துதான் 2012இல் ஜெனிபர் டௌட்னாவும் இம்மானுவேல் சார்பென்ரியேயும் டி.என்.ஏ.யை வெட்டும் காஸ்9 என்ற நொதியத்தை நாம் விரும்பிய இடத்தில் வெட்டவைக்கலாம் என்று காட்டினார்கள். 2020இல் இரசாயனவியல் நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. மொகிகாவின் விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று எனக்கு ஊகிக்க முடிகிறது. எங்களுக்கு ஆனையிறவும் குறிஞ்சாத்தீவும் இருக்கின்றன. அந்த உப்பளங்களில் என்ன நுண்ணுயிர் வாழ்கிறது என்று தேடவும் இங்கே ஒரு ஆய்வுகூடம் வேண்டும். அது இன்னொரு நாளைக்கு.

செய்முறையின் சாரம் இதுதான். நெல்லின் டி.என்.ஏ. ஏறத்தாழ 40 கோடி எழுத்து நீளம். அதில் நாம் குறித்த ஓரிடத்துக்கு காஸ்9ஐ அழைத்துப்போக வழிகாட்டி ஆர்.என்.ஏ. ஒன்றின் இருபது எழுத்துப் பகுதி போதும். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல் முழுவதிலும் ஒரேயொரு வாய்க்காலின் ஒரேயொரு மடையைத் தேடிப்போய்த் திறப்பது போன்ற வேலை. வெட்டிய இடத்தைக் கலமே ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது ஓரிரு எழுத்துக் கூடலாம் அல்லது குறையலாம், மரபணு அதோடு செயலிழக்கும். வெட்டுவதற்கென்று வைத்த மரபணு அடுத்த தலைமுறையில் சில நாற்றுகளில் பிரிந்து போய்விடும். அந்த நாற்றுகளைத் தெரிந்தெடுத்தால் வெளியிலிருந்து வந்த டி.என்.ஏ. எதுவும் அவற்றில் இராது. ஆர்.ஆர்.22 என்ற மரபணுவை இப்படிச் செயலிழக்கச் செய்தபோது நெல் கூடிய உவரைத் தாங்கியது என்று 2019இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எங்கள் திட்டத்தின் இரண்டாம் பாதி, அதையே வன்னியில் விதைக்கும் இரகம் ஒன்றில், வலைக்கூடத்துக்குள் மட்டும் செய்து பார்ப்பது.

மனித மருத்துவத்தில் இந்தத் தொழில்நுட்பம் எங்கே போய்விட்டது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரத்த நோய்களான அரிவாட்கல நோய்க்கும் தலசீமியாவுக்குமான கிறிஸ்பர் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். நம் நாட்டுத் தலசீமியாப் பிள்ளைகளுக்கு அது என்றைக்குக் கிடைக்குமோ தெரியாது. நெல்லுக்கு அந்த விலை இல்லை. நொதியமும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.யும் ஒரு உழவு இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம். விலை கூடியது பழகிய கையும் விடாத மின்சாரமும்தான்.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்நிய டி.என்.ஏ. இல்லாத திருத்திய பயிர்களை மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து இந்தியா 2022 மார்ச்சில் விலக்கியது. 2025 மே மாதத்தில் இரண்டு திருத்திய நெல் இரகங்களை அறிவித்தது. சம்பா மசூரியில் இருந்து வந்தது ‘கமலா’. எம்.ரி.யு. 1010இல் இருந்து வந்தது ‘பூசா டி.எஸ்.ரி. நெல் 1’, அது உவர் நிலத்துக்கென்றே சொல்லப்படுகிறது. அவற்றின் களத்தரவுகளைக் கேள்வி கேட்பவர்களும் இந்தியாவிலேயே உண்டு. கேட்கத்தான் வேண்டும். நாளைக்கு இந்த விதை ஏதோ வழியில் இங்கே வந்து சேர்ந்தால், இது எங்கள் மண்ணுக்கு ஒத்துவருமா, சொன்னபடிதான் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல வன்னியில் யார் இருப்பார்கள்? வேண்டாம் என்று சொல்வதற்கும் ஆய்வுகூடம் தேவை.

‘வெளியே செய்யுங்கள்’ என்ற ஆலோசனையை நாங்கள் செய்துபார்க்காமல் இல்லை. உவர் ஏறும்போது செடிக்குள் எந்த மரபணு விழிக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஆர்.என்.ஏ. வேண்டும். இலையைக் கிள்ளிய நிமிடத்திலிருந்து அது சிதையத் தொடங்கும். உடனே திரவ நைதரசனில், −196 பாகை செல்சியஸில் உறைய வைக்க வேண்டும். கிளிநொச்சியில் திரவ நைதரசனுக்கு எங்கே போவது? மாடுகளுக்குச் செயற்கை முறையில் சினைப்படுத்தும் வைத்தியர் விந்துக் குழாய்களை வைத்திருக்கும் கொள்கலத்திலிருந்து கொஞ்சம் ஊற்றித் தந்தார். அவருக்கு இருந்த அக்கறைக்கு நான் கடமைப்பட்டவள். அது கிடைக்காத நாட்களில் நாச்சிக்குடாவில் மீனுக்கு உடைக்கிற ஐஸை றெஜிபோம் பெட்டியில் போட்டு, அதற்குள் இலையை வைத்து, ஏ9இல் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் கொண்டுபோனோம். மீன்வாடை வருகிறது என்று நடத்துனர் பெட்டியை மேலே ஏற்றச் சொன்னார். கொண்டுபோய்ப் பார்த்தால், ஆர்.என்.ஏ.யைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தெளிவான இரண்டு பட்டிகை இருக்க வேண்டிய இடத்தில் அடிவரை இழுபட்ட ஒரு கறை. செடியின் குற்றமல்ல அது. தூரத்தின் குற்றம்.

அதன் பிறகுதான் கொரோனாக் காலத்தில் வாங்கி, அது தணிந்தபின் பொலித்தீன் உறை கழற்றாமல் களஞ்சியத்தில் கிடந்த பி.சி.ஆர். இயந்திரத்தையும் ஆழ்குளிரூட்டியையும் இரவலாகக் கேட்டெடுத்தோம். மழைக்காலத்தில் கரண்ட் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போடுவோம். டீசலுக்கு எங்கள் கைக்காசு. பூநகரியில் எடுத்த நெல்களின் எச்.கே.ரி. மரபணுப் பகுதியை அதில்தான் முதன்முதல் பெருக்கினோம். பட்டிகை தெரிந்த அன்று, பட்டதாரி மாணவி ஒருத்தி கைத்தொலைபேசியில் படம் பிடித்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினாள். “இது என்னடி, விளக்குமாத்துக் கோடு மாதிரி” என்று பதில் வந்ததாம். அந்த இயந்திரத்தை நாங்கள் திருப்பிக் கொடுத்தால் அது போய்ச் சேரும் இடம் மறுபடியும் அதே களஞ்சியம். வேறொரு ஆய்வுகூடம் அதற்காகக் காத்திருக்கிறது என்றால் பெயரைச் சொல்லுங்கள், நானே கொண்டுபோய் இறக்குகிறேன்.

வாழ்வாதாரப் பயிற்சியைப் பற்றியும் பேச வேண்டும். தையல் இயந்திரத்தையும் கோழிக்கூட்டையும் நான் குறைத்துப் பேசவில்லை. 2009க்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது அவற்றால்தான். ஆனால் அன்று தாய்க்குக் கொடுத்த பயிற்சியை இன்று மகளுக்கும் கொடுக்கிறார்கள். அந்த மகள் இதற்கிடையில் பட்டம் முடித்துவிட்டாள் என்பதை எவரும் கவனிக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. வவுனியாவுக்கு 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்து வெளியேறும் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? மேலே சொன்ன மாணவி இப்போது ஒரு அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீட்டுப் படிவங்களை அடுக்குகிறாள். அதுவும் வேண்டிய வேலைதான், செய்வதற்கு ஆள் வேண்டும். ஆனால் மூன்று மைக்றோலீற்றரைக் கை நடுங்காமல் அளந்து விடத் தெரிந்த ஒருத்தியை அந்த மேசையில் இருத்திவிட்டு, இப்பகுதிக்கு ஆய்வு பொருத்தமற்றது என்று நீங்கள் எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டு நெற்கள் ஆராய்ச்சிக்குப் பொருத்தமில்லாமல் போனது எப்போது? 1950களின் பிற்பகுதியில் வந்து நாட்டின் விளைச்சலையே மாற்றிய எச்4 இரகத்தின் பெற்றோரில் ஒன்று முருங்கைக்காயன். உலகம் முழுவதும் உவர் ஆய்வில் பேசப்படும் ‘சோல்ரோல்’ என்ற மரபணுப் பகுதி கேரளக் கரையோரத்து வயல்களின் பொக்காளி நெல்லில் இருந்து வந்தது. உவர் நிலத்தில் பயிரிட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த விதைகள் இவை. அந்த விதை ஆய்வுக்கு உகந்தது, அதை விதைத்தவர்களின் பிள்ளைகள் உகந்தவர்களல்ல என்பது எந்த நியாயம்?

மரபணு என்றதும் சனம் பயப்படுவார்கள் என்று குழுவில் ஒருவர் சொன்னதாக அறிந்தேன். பயப்படட்டும். 2021இல் எவரையும் கேட்காமல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் கைவிட்டார்கள். இடையில் மஞ்சளித்து நின்ற பயிருக்கு எவரும் பொறுப்பெடுக்கவில்லை. மேலிருந்து வருகிற எதையும் சந்தேகிக்க எங்கள் கமக்காரருக்கு உரிமையுண்டு, என் திட்டத்தையும் சேர்த்துத்தான். அதனால்தான் வயலில் விதைப்பது என்ற பேச்சே திட்டத்தில் இல்லை. வலைக்கூடத்துக்கு வெளியே ஒரு மணி நெல்லும் போகாது என்று எழுதியிருந்தோம். கமக்கார அமைப்பின் பிரதிநிதிகள் எந்நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தோம். நீங்கள் அந்தப் பக்கத்தை வாசித்ததற்கான அடையாளம் உங்கள் கடிதத்தில் இல்லை.

மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. உவர் தாங்குவது ஒரு மரபணுவின் வேலையல்ல, ஆர்.ஆர்.22ஐத் தட்டிவிட்டால் பூநகரி பச்சையாகிவிடாது. உவர்நீர்த் தடுப்பணை வேண்டும், குளங்கள் தூர்வார வேண்டும், அம்பலாந்தோட்டையிலிருந்து வந்த உவர் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற இரகங்களுக்கு நல்ல விதை காலத்துக்குக் கிடைக்க வேண்டும். அணையா ஆய்வுகூடமா என்று கேட்டால் நானும் முதலில் அணை என்றுதான் சொல்வேன். ஆனால் எங்கள் நிதியை நிறுத்தி நீங்கள் அணை கட்டவில்லையே.

ஆகவே நான் கேட்பவை:

நிராகரிப்பை மீளாய்வு செய்யுங்கள். அந்தக் கூட்டத்தைப் பூநகரியில் வையுங்கள். கமநல சேவை நிலையத்தில் மண்டபம் கேட்டுத் தருவது என் பொறுப்பு. வன்னியின் நாலு மாவட்டங்களிலும் இருந்து ஆளுக்கொரு கமக்காரப் பிரதிநிதியும், பயிரியல் தெரிந்த, எங்களோடு தொடர்பில்லாத ஒரு விஞ்ஞானியும் அதில் இருக்கட்டும். திட்டத்தில் பிழை இருந்தால் அவர்கள் முன்னால் சொல்லுங்கள், திருத்துகிறோம். பொருத்தமற்றது என்ற முடிவை எந்தத் தகவலின் அடிப்படையில் எடுத்தீர்கள் என்பதைக் கூட்டக் குறிப்போடு தமிழில் வெளியிடுங்கள்.

மீளாய்வு முடியும்வரை பி.சி.ஆர். இயந்திரமும் ஆழ்குளிரூட்டியும் கிளிநொச்சியிலேயே இருக்க எழுத்தில் அனுமதி தாருங்கள். ஆழ்குளிரூட்டிக்குள் இப்போது பூநகரி, முழங்காவில், முருங்கன் வயல்களின் மாதிரிகள் இருக்கின்றன. அவற்றை ஏற்றி இறக்கும் வழியில் உருகினால் ஒரு காலபோகத்தின் வேலை முழுவதும் வீண்.

முழு நிதி இப்போது முடியாதென்றால் முதற்பாதிக்கு மட்டும் தாருங்கள்: உள்ளூர் நெல்களை அடையாளம் காணும் வேலை, இரண்டு ஆய்வுகூட உதவியாளர் பதவிகள், மின்சாரம் போனாலும் குளிரூட்டியைத் தாங்கும் சூரிய மின்கலத் தொகுதி. அந்தப் பதவிகளுக்கு வன்னியில் படித்து முடித்துக் காத்திருக்கும் பட்டதாரிகளிலிருந்து ஆளெடுங்கள். மரபணுத் திருத்தப் பகுதியை அதற்குரிய உயிரியற் பாதுகாப்பு அனுமதி கிடைத்தபிறகு தனியாகப் பரிசீலிக்கலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

வன்னியிலிருந்து எந்த ஆய்வுக்காக மண், இலை, விதை, இரத்தம் எது எடுத்தாலும் அதன் முடிவைக் குறித்த காலத்துக்குள் கொடுத்தவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் வழங்கும் ஒவ்வொரு நிதியின் நிபந்தனையாகவும் சேருங்கள். வெளிநாட்டுக் கூட்டாய்வுகளுக்கும் அது பொருந்த வேண்டும். எங்கள் நெல்லிலிருந்து எவரும் தனியுரிமை எடுக்க முடியாது என்பதையும் அதே நிபந்தனையில் எழுதுங்கள். கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்தில் வடக்கிலிருந்து போன எந்தெந்த நெல்விதைகள் பாதுகாப்பில் இருக்கின்றன என்ற பட்டியலைப் பெற்று, கேட்கும் கமக்காரருக்கு ஒரு பிடி விதையாவது திரும்பக் கிடைக்க வழிசெய்யுங்கள்.

காலபோக விதைப்புக்கு முன் பதில் வேண்டும். விதைத்தபிறகு வந்தால் இன்னொரு வருடம் காத்திருக்க நேரும். பதிலை எனக்கு மட்டும் அனுப்பினால் போதாது. பூநகரிக் கமக்கார அமைப்புக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இந்த மடலின் பிரதியும் அவர்களிடம் இருக்கிறது.

இவ்வண்ணம்,
பூநகரியில் பிறந்து, கிளிநொச்சியில் வேலை செய்யும் மூலக்கூற்று உயிரியலாளர் ஒருத்தி